அவர் தலையசைக்கும் வரை

1

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. விடியற்காலையில் மேகமூட்டம், ஏழு மணியளவில் மெல்லிய தூறல், எட்டரைக்குள் வெயில். சாலைகள் நனைந்திருந்தன, ஆனால் வழுக்கவில்லை. (பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்களுக்கு வானிலை என்பது வானத்தைப் பற்றியதன்று, சாலையைப் பற்றியது.)

இக்கதை தோன்றிய விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது முறை. இது கதையாகப் பிறக்கவில்லை. சமயம், மெய்யியல், அறவியல் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில், 'பிறர் நம்பிக்கையை எடுத்துரைத்தல்' என்னும் தாளுக்கான ஒப்படைப்பாகப் பிறந்தது. ஒப்படைப்புக்கு ஒரு பக்க வரம்பு உண்டு. வரம்புக்குள் அடங்காதவை மிஞ்சின. மிஞ்சியவற்றைத் தூக்கியெறிய மனம் வராதவர்கள்தாம் கதை எழுதுகிறார்கள் என்பது இவ்வாசிரியரின் கருதுகோள்.

கதைத்தலைவிக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. தொழில், பள்ளிப் பேருந்து ஓட்டுதல். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டபின், பிற்பகலில் மீண்டும் ஏற்றும்வரை இடையில் கிடக்கும் நேரத்தில், பல்கலைக்கழக நூலகத்தின் பின்புறம் வண்டியை நிறுத்திவிட்டு அவர் வகுப்புக்குச் செல்வார். இங்கு அவர் 'மாணவி' என்றே அழைக்கப்படுவார். அச்சொல்லை அவர் நெடுங்காலம் காத்திருந்து பெற்றார். ஆகவே அதனை இயன்றவரை அடிக்கடி பயன்படுத்துவதில் ஆசிரியருக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

[குறிப்பு: மாணவியும் ஆசிரியரும் ஒருவரேயா என்னும் வினா எழலாம். பாடநூல்களில் 'நான்' என்னும் சொல் வருவதில்லை. ஆகவே இங்கும் வராது.]

2

அடுத்ததாக, விதியை வரையறுத்தல் வேண்டும்.

அத்தாளை நடத்தும் பேராசிரியை மாணவியைவிட வயதில் மிக இளையவர். குரல் உயராது, பிடி தளராது. முதல் வகுப்பிலேயே அவர் சொன்னது இது: ஒரு நம்பிக்கையை மறுக்க விரும்புபவர், முதலில் அந்நம்பிக்கையை உடையவரே "ஆம், நான் நம்புவது இதுதான்" என்று தலையசைக்கும் அளவுக்கு அதை எடுத்துரைக்க வேண்டும். தலையசைப்புக்கு முன் மறுப்பு இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு உடன்பாடில்லாத நிலைப்பாடு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனை உடைய ஆள் ஒருவரை இறுதி வகுப்புக்கு நேரில் அழைத்துவர வேண்டும். அவர் தலையசைத்தால் தேர்ச்சி. இல்லையேல் தொடக்கத்திலிருந்து.

"புத்தகத்துல இருக்கற ஆள் வேண்டாம்," என்றார் பேராசிரியை. "புத்தகம் மறுத்துப் பேசாது. உயிரோட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

வகுப்பிலிருந்த இளையோர் ஆள் தேடி ஊரெல்லாம் அலைந்தனர். மாணவிக்கு அந்த அலைச்சல் இல்லை. அவர் கடவுள் நம்பிக்கை உடையவர். வாரந்தோறும் பிரார்த்தனைக் கூடத்துக்குச் செல்பவர். அவருடைய கணவருக்கோ அந்நம்பிக்கை அறவே கிடையாது. மனைவியைக் கூடத்து வாசல்வரை கொண்டுவந்து விடுவார், முடியும்வரை வெளியே காத்திருப்பார், உள்ளே வரமாட்டார். "உங்க வீட்டுக்காரர் உள்ள வரமாட்டாரா?" என்று யாரேனும் கேட்டால், "அவருக்கு முட்டிவலி, ரொம்ப நேரம் உக்கார முடியாது," என்று மாணவி சமாளிப்பார். அவர் வெளியிலும் உட்கார்ந்துதான் இருந்தார் என்பதை எவரும் சுட்டிக்காட்டியதில்லை; நல்ல மனிதர்கள்.

எனவே, தலைப்பு: இறைநம்பிக்கையின்மை. ஆள்: கணவர். கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது என்று மாணவி கருதினார். இல்வாழ்க்கையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரைத்தான்... (இவ்வாக்கியம் முடிவுரை போல ஒலிப்பதால் கைவிடப்படுகிறது.)

3

தொடக்கம், முதல் வரைவு:

'இறைமறுப்பாளர் பலவகைப்படுவர். அவருள் மூன்றாம் வகையினர், உலகில் காணப்படும் துன்பத்தைக் காரணம் காட்டி...'

கணவர் பல் செட்டு செய்பவர். வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் சுண்ணமாவு ஊற்றி, வாய்களின் மாதிரிகளை எடுத்து, அவற்றின்மேல் மெழுகு கட்டிப் பற்களைப் பதிப்பார். மேசை முழுவதும் திறந்த வாய்கள். அவற்றின் நடுவே அவர் ஒருவர்தாம் பெரும்பாலும் வாய் மூடியிருப்பார். மாணவி தாளோடு போய் நின்றார்.

"என்னங்க, கொஞ்சம் கேளுங்க. சரியா இருந்தா தலையாட்டுங்க."

"தப்பா இருந்தா?"

"அதுக்கும் ஆட்டலாம். பக்கவாட்டுல."

வாசிக்கப்பட்டது. அவர் கையிலிருந்த கத்தியை விளக்கில் காட்டிச் சூடேற்றிக்கொண்டே கேட்டார்.

"நான் மூணாவது வகையா?"

"ஆமா."

"அந்த வகையில வேற யாரெல்லாம் இருக்காங்க?"

"ஒரு தத்துவவாதி இருக்காரு. அவர் செத்து ரொம்ப நாளாச்சு."

"அப்ப இப்போதைக்கு நான் ஒருத்தன்தான். வகைன்னு சொல்றதுக்கே கூச்சமா இருக்கு." கத்தி மெழுகில் இறங்கிற்று. "இது நான் இல்லம்மா. இந்த ஆளு ரொம்பக் கோவக்காரரா இருக்காரு. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. இல்லாதவர் மேல எப்படிக் கோவப்படறது?"

தலை இடமும் வலமும் அசைந்தது.

3 (மீண்டும்)

தொடக்கம், இரண்டாம் வரைவு:

'இளமையில் தந்தையைப் பறிகொடுத்த அச்சிறுவன், அன்றே வானத்தை நோக்கி...'

வாசகர்கள் இதனை எதிர்பார்த்திருப்பார்கள். நம்பிக்கை இழந்தவர் என்றால் ஏதோ ஒன்றை இழந்திருக்க வேண்டும். கதைகளில் அவ்வாறே நிகழ்கிறது. மாணவியும் அவ்வாறே எண்ணியிருந்தார். மணமான நாள்முதல் அந்த இழப்பு எது என்று அவர் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்காததால், அது மிகப் பெரியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கும் வந்திருந்தார்.

"எங்கப்பாவ ஏன் இழுக்கற?" என்றார் கணவர். "அவர் எழுபத்தெட்டு வயசு வரைக்கும் நல்லா இருந்தாரு. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து உக்காந்தாரு, போயிட்டாரு. எனக்கும் அப்படி ஒண்ணு கிடைச்சா போதும்."

"அப்ப ஏன்னு நீங்களே சொல்லுங்களேன். என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?"

"நீ கேட்டதே இல்லியே."

அது உண்மை. மாணவி வாதாடியிருக்கிறார், கெஞ்சியிருக்கிறார், இரண்டு முறை அழுதும் இருக்கிறார். கேட்டதில்லை. மேசைக்கு எதிரே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு நிப்பாங்கல்ல," என்று கணவர் சொல்லத் தொடங்கினார். "நான் திறந்து பாத்துட்டேன். எல்லார் மூஞ்சியும் அவ்வளவு நல்லா இருந்துது. எங்கம்மா மூஞ்சிய அப்படி ஒரு அமைதியா நான் வேற எப்பவும் பாத்ததில்ல. சரி, நமக்கும் வரும்னு திரும்ப மூடிக்கிட்டேன். இருட்டா இருந்துது. அவ்வளவுதான்."

"பயமா இருந்துதா?"

"இல்ல. பசிச்சுது."

மாணவி சிரித்துவிட்டார். பிறகு, சிரித்ததற்காகத் தம்மைத் தாமே கடிந்துகொண்டார். ஏனெனில் ஆய்வாளர் சிரிக்கலாகாது. பிறகு அந்தக் கடிந்துகொள்ளலையும் கைவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் கேக்கற பாட்டு எனக்கு மட்டும் கேக்கலைன்னா, பாட்டு மேலயும் கோவம் இல்ல, கேக்கறவங்க மேலயும் கோவம் இல்ல. கேக்குதுன்னு பொய் சொல்ல முடியல. அவ்வளவுதான் என் விஷயம். இதுல ஒரு பக்கம்கூட வராது."

ஆசிரியர் இவ்விடத்தில் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறார். இத்தனை ஆண்டுகள் ஒரு வீட்டில் வாழ்ந்தும் அறியாத ஒன்றை, ஒரு பாடத்திட்டம் அறியச் செய்தது. கல்வியால் என்ன பயன் என்று மாணவியைக் கேலி செய்த உறவினர்களின் பார்வைக்கு இப்பத்தி பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.

4

இனி, ஒரு பாத்திரத்தைப் பற்றிய ஐயம்.

மாணவிக்கு ஒரு தங்கை உண்டு. கதைக்கு இவர் இன்றியமையாதவர். ஆனால் ஆசிரியருக்கு இவர்மேல் நம்பிக்கை இல்லை. காரணம், இவர் கதைக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நிற்கிறார். வாழ்வில் அப்படி நிற்பவர்கள் உண்டு. எழுத்தில் நிறுத்தினால் எவரும் நம்புவதில்லை. இவரை நீக்கிவிட்டு எழுத முயன்றோம். கதை படுத்துவிட்டது. ஆகவே திரும்ப அழைத்துக்கொள்கிறோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், மாணவியின் குடல்வால் வெடித்துவிட்டது. வயிற்றுக்குள் சீழ் பரவி, நேரே அறுவை மேசைக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பது ஐயம் என்றே மருத்துவர் சொல்லியிருந்தார். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, கட்டிலருகே தங்கை நின்றுகொண்டிருந்தார். அக்கா பிழைத்துக்கொண்டதைவிடப் பெரிய செய்தி ஒன்று அவரிடம் இருந்தது.

"அக்கா! மாமா வேண்டிக்கிட்டாருக்கா! என் ரெண்டு கண்ணால பாத்தேன். வெளில பெஞ்சுல தலையக் குனிஞ்சுக்கிட்டு, ரெண்டு கையையும் இப்படி நெஞ்சுகிட்ட வெச்சுக்கிட்டு, உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துது. கூப்பிட்டேன், காதுலயே விழல. கல்லு கரைஞ்சிடுச்சுக்கா!"

அப்போது கணவர் உள்ளே வந்தார். மாணவி குரல் எழாமல் கேட்டார்: "நிஜமாவா?" அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாணவியின் நெற்றியில் கை வைத்தார்.

அந்த மௌனத்தை மாணவி பதினோரு ஆண்டுகள் போற்றிவைத்திருந்தார். பிரார்த்தனைக் கூடத்தில் மற்ற பெண்கள் தம் கணவன்மாரோடு அமர்ந்திருப்பதைக் காணும்போதெல்லாம், 'அவரும் ஒருமுறை வந்தார், எனக்காக வந்தார்,' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வார். வாரந்தோறும் அவர் செலுத்திய நன்றிகளில் முதலாவது அதற்கானது. உயிர் பிழைத்ததற்கான நன்றி அதற்கு அடுத்ததுதான்.

இவற்றை அறிந்தால்தான், மூன்றாம் வரைவின் இறுதி வரி அவருக்கு எத்தகையது என்பது விளங்கும்.

5

மூன்றாம் வரைவு நன்றாக அமைந்தது. மாணவி காலை உணவின்போது வாசித்தார். கோபமின்மை: தலை அசைந்தது. கண் திறந்த சிறுவன்: அசைந்தது. கேட்காத பாட்டு: இருமுறை அசைந்தது. மாணவியின் குரலில் தேர்ச்சி பெற்ற களை ஏறிவிட்டது. இறுதி வரிக்கு வந்தார்.

'எனினும், மனைவி உயிருக்குப் போராடிய அன்று, வாழ்வில் ஒரே ஒருமுறை அவர் வேண்டிக்கொண்டார்.'

தலை நின்றுவிட்டது.

"அந்தக் கடைசி வரிய எடுத்துரு," என்றார் கணவர்.

"ஏன்? அதுதானே முக்கியம்."

"எடுத்துரும்மா."

"வெக்கமா இருக்கா? வகுப்புல யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் வேண்டிக்கல."

"தங்கச்சி பாத்தாளே!"

"தூரத்துலேருந்து பாத்தா."

அதன்பின் அவர் சொன்னது இது. அன்று மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தபோது, அவர் ஒரு முதியவரின் மேல்வரிசைப் பற்களை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்ததைக் கீழே வைக்கவும் தோன்றாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பையில் அது இருப்பது தெரிந்தது. எடுத்துப் பார்த்தார். உடல் சூட்டில் மெழுகு இளகி, முன்பற்கள் இரண்டும் சாய்ந்திருந்தன.

"கையை எங்க வைக்கறதுன்னு தெரியல எனக்கு. நடுங்கிக்கிட்டே இருந்துது. அதான் நெகத்தால அந்தப் பல்லை நிமித்திக்கிட்டு இருந்தேன். நிமித்துவேன், அது சாயும். திரும்ப நிமித்துவேன்."

"உதடு அசைஞ்சுதுன்னாளே?"

"கொஞ்சம் உள்ள, கொஞ்சம் வெளியன்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன். வேலை செய்யும்போது எப்பவும் அப்படித்தானே."

மாணவி தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, பேசிய குரல் மாணவியுடையதாக இல்லை, மனைவியுடையதாக இருந்தது.

"ஒரு தடவைகூடவா தோணல? நான் செத்துப்போயிருந்தா?"

"தோணாம? பயத்துல செத்துட்டேன். ஆனா யாரையும் கூப்பிடத் தோணல. டாக்டர் எப்ப வெளில வருவார்னுதான் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன். சும்மாவாவது கண்ணை மூடிப் பாக்கலாம், உனக்காகன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். உன் உயிர் போற நேரத்துல உன் பேரைச் சொல்லி ஒரு பொய்யப் பண்ண மனசு வரல."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கண்ணு முழிச்சு முதல்ல கேட்டது அதைத்தான். மூஞ்சில ரத்தமே இல்ல, ஆனா சிரிச்ச. அந்த மூஞ்சியப் பாத்து 'இல்ல'ன்னு சொல்ல எவனுக்கு வாய் வரும்? அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. அப்புறம் அது உன்னோடதாயிடுச்சு. உன்னோடத நான் எப்படிப் பிடுங்கறது?"

அன்று மாணவி ஓட்டிய பேருந்தில் பிள்ளைகள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார்கள் என்று எழுதலாம். எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அவர்கள் எப்போதும்போல் இரைந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருவன் மற்றவனுடைய காலணியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டான். மாணவி வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப்போய் எடுத்து வந்தார்.

6

கட்டுரைக்கும் கதைக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் ஆராயத்தக்கது. கட்டுரையில் நிகழ்ந்ததை மாற்றலாகாது. கதையில் மாற்றலாம். இது கதை. ஆகவே:

'நீண்ட அந்த நடைவழியில் அவர் தனியே அமர்ந்திருந்தார். கையிலிருந்த மெழுகு மெல்ல நழுவித் தரையில் விழுந்தது. அதனை அவர் எடுக்கவில்லை. தம்மை அறியாமலேயே இரு கைகளும் குவிந்தன. "நீ இருக்கிறாயோ இல்லையோ, அவள் உன்னை நம்புகிறாள். அதற்காகவேனும்..."'

ஆசிரியர் இதனை எழுதி முடித்தபோது கண்ணீர் விட்டார். நடை செம்மையாக இருக்கிறது. சொற்கள் இடமறிந்து நிற்கின்றன. மூன்று நாள்கள் இதனை நீக்காமல் வைத்திருந்தார். கணவர் கேட்டால் தலையசைக்க மாட்டார் என்ற ஒரே காரணத்தால் இது இப்போது நீக்கப்படுகிறது. நீக்கப்பட்ட பின்னும் இங்கே கிடக்கிறது. அதற்குமேல் துணிவு வரவில்லை.

தங்கையிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் ஒப்பவில்லை.

"என் கண்ணு பொய் சொல்லுமாக்கா? மாமா சும்மா சொல்றாரு. இந்த ஆம்பளைங்க எதை ஒத்துக்கிட்டிருக்காங்க? அன்னைக்கு வேண்டிக்கிட்டாரு, நீ பொழச்ச. முடிஞ்சுது. இப்போ போய் ஏன் நோண்டற? இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பிச்சோமா உன்னை?"

"நீ எங்கடி அனுப்பிச்ச? நானேதான் போனேன்."

"அதான் தப்பு."

மற்றுமொரு வழியும் இருந்தது. கற்றவர்களுக்கே உரிய வழி அது. மாணவி பட்டறை வாசலில் நின்று அதனை முயன்று பார்த்தார்.

"என்னங்க, யோசிச்சுப் பாத்தேன். உயிருக்குயிரானவங்க உள்ள கிடக்கும்போது ஒருத்தர் நடுங்கற கையோட ஒண்ணைத் திரும்பத் திரும்பச் சரி பண்றாரு. அதுவே ஒரு வேண்டுதல்தானே? வேண்டுதல்னு தெரியாமலே செய்யற வேண்டுதல். அப்படின்னு ஒரு கோட்பாடே இருக்கு."

அவர் ஒரு வாயின் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பல்லு பல்லுதாம்மா," என்றார்.

சிறிது நேரம் கழித்து, நிமிர்ந்தார். "உனக்கு மார்க்கு வேணும்னா சொல்லு. அந்த வரிய வெச்சுக்கோ. வகுப்புல வந்து நான் தலையாட்டிடறேன். பதினோரு வருஷமா சும்மா இருந்தவன், ஒரு தடவை ஆட்டினா என்ன ஆயிடப்போவுது?"

வாசகர்களே, சிக்கல் இப்போது தெளிவாக வரையறுக்கப்பட்டுவிட்டது. வரி இருந்தால் தேர்ச்சி உறுதி. மாணவியின் முதல் நன்றியும் பிழைக்கும். கணவர் எல்லோர் முன்னும் பொய்யாகத் தலையசைப்பார். வரி போனால் அவர் மெய்யாகத் தலையசைப்பார். மாணவி பதினோரு ஆண்டுகளாக வைத்திருந்தது வகுப்பறைத் தரையில் விழும். கணவர் மனமுவந்துதான் சொன்னார். அதுதான் துன்பம். கறாராகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

7

முடிவுகள் சில பரிசீலிக்கப்பட்டன.

முதலாவது: மாணவி வேறு தலைப்பை எடுத்துக்கொள்கிறார். சோதிடம், இறைச்சி உண்ணாமை, போர் எதிர்ப்பு எனப் பல உண்டு. வீடு பழையபடி ஆகிறது. (ஆகாது.)

இரண்டாவது: அவர் பட்டப்படிப்பையே விட்டுவிடுகிறார். தங்கை மகிழ்கிறார். (இம்முடிவை எழுதிய கையை ஆசிரியர் மன்னிக்கவில்லை.)

மூன்றாவதாக, மாணவியும் நம்பிக்கை இழக்கிறார் என்று ஒன்றை எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அது நிகழவில்லை என்பது மட்டுமன்று. வாரம் தவறாமல் கூடத்துக்குப் போனார். நன்றி சொல்லும் இடம் வந்தபோது முதலாவது இடம் காலியாக இருந்தது. அங்கே எதை வைப்பது என்று தெரியாமல் இரண்டாவதிலிருந்து தொடங்கினார். அவ்வளவே.

8

இறுதி வகுப்பு, முதலில் சொன்ன அந்த மார்ச் ஒன்பதாம் நாள், தரைத்தளத்து அறையில் நடந்தது. நீண்ட மேசைகள், பாதியில் சிக்கிக்கொண்ட வெண்திரை, வந்திருந்த விருந்தினருக்காகப் பக்கத்து அறையிலிருந்து இழுத்துவரப்பட்ட நாற்காலிகள். மாணவர் ஒருவர் சோதிடர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். இன்னொருவர், எப்போரும் நியாயமன்று என்னும் தம் சித்தியை அழைத்து வந்திருந்தார். சித்தி தலையசைத்தார், பிறகு அரைமணி நேரம் பேசினார், பேராசிரியை தடுத்தபோது சண்டைக்கு வந்தார். சோதிடர் தலையசைக்கவில்லை. "தம்பி மரியாதையா சொன்னாரு, அதுக்கு நன்றி. ஆனா நாங்க சொல்றது இது இல்ல," என்று கைகுவித்துவிட்டு அமர்ந்தார்.

கணவர் தேய்த்த சட்டை அணிந்து வந்திருந்தார். நகக்கண்களில் சுண்ணமாவு போகவில்லை. பிள்ளைகள் அமரும் நாற்காலியில், எழுதும் பலகை வயிற்றில் இடிக்க, அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவராய் இருந்தார்.

"அக்கா, உங்க முறை," என்றார் முன்வரிசைப் பெண்.

மாணவி எழுந்தார். கையில் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டிலும் எல்லாம் ஒன்றே. இறுதிப் பத்தி மட்டும் வேறு. எதை வாசிப்பது என்று மேசைக்கு நடந்து வரும்வரை அவருக்கே தெரியாது. வந்தபின் கணவரைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே இலேசாகத் தலையசைக்கத் தொடங்கியிருந்தார். எந்தத் தாளானாலும் சரி என்னும் அசைவு அது. கீழ்ப்படிதலில் சற்று முந்திக்கொண்டுவிட்டார்.

அந்த அசைவைக் கண்டதும் மாணவி ஒரு தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கோபமின்மை, கண் திறந்த சிறுவன், கேட்காத பாட்டு ஆகியவற்றை முறைப்படி எடுத்துரைத்தார். பிறகு வாசித்தது:

'மனைவி உயிருக்குப் போராடிய அன்று அவர் வேண்டிக்கொள்ளவில்லை. முடிவுறாத பல்வரிசை ஒன்றை நகத்தால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். அது வேண்டுதல் அன்று. அதனை வேண்டுதல் என்று அழைக்க இவ்வுரையை நிகழ்த்துபவருக்கு மிகுந்த விருப்பம் உண்டு, உரிமை இல்லை. அவருக்கு அச்சம் இருந்தது, அன்பு இருந்தது, ஒரு கதவு இருந்தது. அக்கதவுக்கு அப்பால் மருத்துவர் இருந்தார். அவருடைய உலகில் அன்று வேறு எவரும் இல்லை. இல்லாத ஒருவரை, மனைவியின் பொருட்டுக்கூட, அவர் அழைக்கவில்லை. இதனை அவர் மனைவிமேல் கொண்ட மரியாதையாகவே கருதுகிறார்.'

பேராசிரியை கணவர் பக்கம் திரும்பினார். "சார்? நீங்க நம்பறது இதுதானா?"

முதலில் தலை அசையவில்லை. அவர் மாணவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. பிறகு தலை ஒருமுறை தாழ்ந்து, உடனே நிமிராமல், அங்கேயே சிறிது தங்கியது.

"இதேதான்," என்றார்.

பேராசிரியை குறித்துக்கொண்டார். "தேர்ச்சி. இப்போ நீங்க மறுக்கலாம்மா. உங்களுக்கு அந்த உரிமை வந்துடுச்சு."

மாணவியிடம் மறுப்பு ஆயத்தமாக இருந்தது. மூன்று காரணங்கள், மூன்றும் வலியவை, இன்றும் அவற்றை அவர் வலியவை என்றே கருதுகிறார். வாய் திறக்குமுன் கணவர் கை உயர்த்தினார். அந்த வயதில் வகுப்பறையில் கை உயர்த்துவது எளிதன்று. பாதி உயர்ந்த கை காதைச் சொறிவதுபோல் நின்றது.

"மேடம், ஒரு சந்தேகம். இவங்க மட்டும்தான் சொல்லணுமா? நான் இவங்க பக்கத்தைச் சொல்லிப் பாக்கக் கூடாதா? விதின்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே."

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். மாணவியும் பார்த்தார், பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க சார்."

கணவர் எழுந்து நின்றார். எழுதும் பலகை இடித்தது.

"இவங்க எதை நம்பறாங்கன்னா... இவங்களுக்கு நன்றி சொல்லணும்னு எப்பவும் இருக்கும். சின்ன விஷயத்துக்குக்கூட. வண்டி நல்லபடியா போய் வந்தா, மழை விட்டா. அவ்வளவு நன்றிய வெச்சுக்கிட்டு ஒருத்தங்க என்ன பண்ணுவாங்க? சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல? அதுக்காகத்தான் கடவுள்."

வகுப்பில் மெல்லிய முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசைப் பெண் எழுதிக்கொண்டார். சித்தி கைதட்டிவிட்டார். எல்லோரும் மாணவியைப் பார்த்தார்கள். தலையசைக்க அதைவிடத் தகுந்த தருணம் எந்தக் கதையிலும் வாய்க்காது.

மாணவி தலையை இடமும் வலமும் அசைத்தார்.

"இல்லங்க."

"இல்லியா? எங்க தப்பு?"

"'அதுக்காகத்தான்'னு சொன்னீங்களே, அங்க. என்கிட்ட நன்றி இருந்துது, அதுக்கு நான் ஆள் பிடிச்சேங்கற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. அவர் முதல்லயே இருக்காரு. அப்புறம்தான் நன்றியே."

"ஓ."

"நீங்க சொன்னது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நான் இல்ல."

வகுப்பு சிரித்தது. கணவர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, சாய்ந்த பல்லைப் பார்ப்பதுபோல், தாம் சொன்னதையே பார்த்துக்கொண்டு நின்றார். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில், அவர் தமக்குக் கேட்காத அந்தப் பாட்டின்பால் காது கொடுத்து நின்றதை மாணவி முதன்முறையாகக் கண்டார். அவர் நம்பிக்கை கொள்ளப்போவதில்லை. மாணவி அதனை எதிர்பார்க்கவும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் அவர். "இரு. மறுபடி சொல்றேன்."

மாணவிக்கு நேரமாகிவிட்டது. பை தோளில் ஏறிவிட்டது, ஒரு கை கதவில் இருந்தது.

பயிற்சி: நீங்கள் இறைநம்பிக்கை அற்றவராயின், கணவருடைய அடுத்த வாக்கியத்தை நிறைவு செய்க. நம்பிக்கை உடையவராயின், மாணவியின் இடத்தில் கதவருகே நின்று, தலையசைப்பதா வேண்டாவா என்று முடிவு செய்க. மதிப்பெண் இல்லை. ஆசிரியரிடம் விடைத்தாள் இல்லை.

"இவங்க எதை நம்பறாங்கன்னா," என்று அவர் மீண்டும் தொடங்கினார்.

அப்போது மணி பிற்பகல் ஒன்று முப்பத்தெட்டு.